யன்னல்கட்டில் இருந்த கரி

இரத்தினசிங்கத்தை அந்தத் தொழிற்சாலையில் ஒருத்தரும் இரத்தினசிங்கம் என்று கூப்பிட்டதில்லை. அவுஸ்திரேலியாக்காரனுக்கு நீளமான பெயரைக் கண்டால் கை சும்மா இராது. முன்பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, பின்பக்கத்துக்கு ஒரு வாலை ஒட்டி, சிங்கோ என்று வைத்துவிட்டார்கள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சம்பளக் கவரில் முழுப்பெயர் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

ஆள் காரைநகர். கொழும்புத் துறைமுகத்துப் பட்டறையில் வெல்டிங் பழகினவர். எழுபத்துநாலில் மனுசி யோகாவோடு மெல்பேணில் வந்து இறங்கி, கிளேட்டனில் கொதிகலன் செய்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் சிங்கம் ஒன்று சொன்னால் செய்வான் என்று ஊரிலும் பெயர், கொழும்பிலும் பெயர். வேறு சொத்து ஒன்றும் இல்லாத மனுசன் அந்தப் பெயரைத்தான் சொத்தாக வைத்திருந்தார்.

அங்கே அவருக்குப் பக்கத்து மேசை அலெக் காகில். ஸ்கொட்லாந்துக்காரன். தலைமயிர் மட்டும் நல்ல கறுப்பு, ஓரத்தில் நரை. காலமை ஸ்மோக்கோ என்கிற இடைவேளைக்கு மணி அடித்ததும் எல்லாரும் தேத்தண்ணியும் சிகரெட்டுமாகக் குந்துவார்கள். மற்றவர்கள் குதிரையோட்டம் பற்றிப் பேச, அலெக் தன்னுடைய ஊரைப் பற்றிப் பேசுவான். ஆர்பிரோத் என்ற கடற்கரைப் பட்டினம். சிவப்புக் கல்லால் கட்டின பழைய மடம் ஒன்று, கூரை போய், சுவர் மட்டும் நிற்கிறதாம். உச்சியில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்தக் காலத்தில் அந்த ஓட்டைக்குள் விளக்கு ஏற்றிக் கடலில் நிற்கிறவனுக்குக் கரை காட்டினார்களாம். கீழே துறைமுகம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன்காரர் தெரு. வீட்டுக்கு வீடு பின்பக்கம் மீனைச் சோடி சோடியாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்களாம்.

"அந்த மீனை ஒருக்கால் திண்டால், சிங்கோ, உன்ரை மனுசியின்ரை கறியை நீ மறந்திடுவாய்."

"என்ரை மனுசியின்ரை கறியை ஒருக்கால் திண்டால் நீ உன்ரை பெயரையே மறந்திடுவாய். கக்கூசுக்குப் போற வழி மட்டும்தான் ஞாபகம் இருக்கும்."

இப்படியே இரண்டு வருசம். ஊரை இவ்வளவு பேசுகிறவன் ஏன் ஒருமுறைகூட அங்கே போகவில்லை என்று இரத்தினசிங்கம் கேட்டதில்லை. கேட்காமலே ஒருநாள் அவன் சொன்னான். தகப்பனுடைய மீன்பிடிப் படகில் இவன்தான் தொழிலுக்குப் போயிருக்க வேண்டியவன். சொல்லாமல் கொள்ளாமல் கப்பல் ஏறி அவுஸ்திரேலியா வந்துவிட்டான். இவனுடைய இடத்துக்குத் தம்பி டேவி ஏறினான். அடுத்த மாரியில் கடல் டேவியை எடுத்துவிட்டது. அலெக் செத்தவீட்டுக்கும் போகவில்லை. போக முகம் இல்லை. அதற்குப் பிறகு தகப்பனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. தாய் மட்டும் கிறிஸ்மஸ் என்று வருசத்துக்கு ஒரு நத்தார் கார்ட் போடுவாள்.

எழுபத்தாறு நத்தாருக்கு இரத்தினசிங்கம் லீவை எல்லாம் சேர்த்து, லண்டனில் இருக்கிற தமையன் கணேசலிங்கத்தைப் பார்க்க வெளிக்கிட்டார். யோகாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அலெக்குக்கு விசயம் தெரிந்த அன்று அவன் தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலே வைத்துக்கொண்டிருந்தான்.

"சிங்கோ, நீ எனக்கு ஒரு காரியம் செய்யவேணும்."

காரியம் இதுதான். அவர்களுடைய ஊரில் புதுவருசத்தன்று வீட்டு வாசல்படியை முதலில் மிதிக்கிற ஆள் கறுத்த தலைமயிர்க்கார ஆம்பிளையாக இருக்கவேணும். கையில் ஒரு கரித்துண்டு கொண்டு உள்ளே வந்து, அதைத் தன் கையாலே அடுப்பில் போடவேணும். அந்த வருசம் முழுக்க வீட்டுக்கு நல்லது. செம்பட்டைத் தலைப் பொம்பிளை முதலில் மிதித்தாளோ, தொலைந்தது. அந்தத் தெருவில் கறுத்த தலை அலெக்குக்குத்தான். சின்னப் பெடியனாக இருந்த காலம் தொட்டு வீட்டுக்கு வீடு அவன்தான் போவான். அவன் அவுஸ்திரேலியா வந்த பிறகு தகப்பன் வீட்டு வாசலை ஒழுங்காக ஒருத்தரும் மிதிக்கவில்லையாம்.

"இந்த நாட்டிலே உன்ரை கறுப்புக்கு ஆரும் மரியாதை தந்ததில்லை. எங்கட ஊரிலே விஸ்கி தருவாங்கள்," என்று சொல்லிச் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். "அப்பர் உன்னை உள்ளே விட்டால், அது என்னை விட்டமாதிரி. விளங்குதோ?"

"போறன்," என்றார் இரத்தினசிங்கம்.

"சத்தியமா?"

"போறன் எண்டால் போறன். சத்தியம் கேக்கிறாய், நீ என்ன பொலிசோ?"

அலெக் தாய்க்குக் கார்ட் போட்டான்: புதுவருசத்தன்று காலமை கறுத்த ஆள் ஒருவர் வருவார். பிறகு மெல்பேண் வீடுகளில் குளிருக்கு எரிக்கிற பிறிக்கட் கரி ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். அங்கே கரிக்கு என்ன பஞ்சமோ என்று இரத்தினசிங்கம் கேட்க, "இது நான் எரிக்கிற கரி," என்றான். லண்டன் விமான நிலையத்தில் சுங்கக்காரன் அந்தக் கரியை மோந்து பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் இந்த மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்ற முகத்தோடு திருப்பிக் கொடுத்தான்.

நத்தார் முடிந்து இரண்டாம் நாள் கணேசலிங்கத்தின் வீட்டுக்குத் தந்தி வந்தது. காரைநகரில் சித்தப்பா மோசம் போய்விட்டார். தகப்பனோடு கூடப்பிறந்தவர். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு.

"இனி எங்கை ஸ்கொட்லாந்து? பேசாமல் இரு," என்றார் கணேசலிங்கம்.

"வாக்குக் குடுத்திட்டன் அண்ணை."

"என்ன வாக்கு? துடக்குக்காரன் போய் வருசப்பிறப்பும் அதுவுமாய் இன்னொருத்தன்ரை வீட்டுக்குள்ளை காலை வைக்கிறதோ? அதுவும் வயசுபோன சனம் இருக்கிற வீடு. நாளைக்கு அதுகளுக்கு ஒண்டு நடந்தால் ஆருக்கு அந்தப் பாவம்?"

இரத்தினசிங்கத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. அவர் கோயிலுக்கு ஓடுகிற ஆளில்லை. ஆனால் துடக்கோடு அடுத்த வீட்டுப் படி ஏறுகிறதில்லை என்பது கோயில் விசயம் இல்லை. அது மனுச நாகரிகம். நல்லநாளில் சாவைக் காலோடு கொண்டுபோய் ஒரு வீட்டுக்குள் விடுகிறதா? கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போகிறது. வாசலுக்கு வெளியே நின்று கரியைக் கொடுக்கிறது. சொன்ன சொல்லும் நிற்கும், அந்தச் சனத்துக்கும் கெடுதல் வராது. ஒரே வெட்டில் இரண்டு பக்கமும் சரி என்று நினைத்தார்.

வெள்ளிக்கிழமை ரயிலில் போய் இறங்கினபோது இருட்டிவிட்டது. குளிர் பல்லுக்குள் ஏறியது. துறைமுகத்துக்கு மேலே ஒரு விதவைப் பொம்பிளை வாடகைக்கு விடுகிற அறையில் படுத்து, விடிய எழும்பிப் பார்த்தால், அலெக் சொன்ன எல்லாம் சொன்ன இடத்திலேயே இருந்தன. சிவப்பு மடம், அதன் உச்சியில் ஓட்டை, அதற்குள்ளால் சாம்பல் வானம். கீழே மீன்காரர் தெரு, புகையும் மீனும் கலந்த மணம். அறிமுகம் இல்லாத ஊர் போலவே இல்லை. இரண்டு வருசமாகத் தேத்தண்ணியோடு குடித்த ஊர்தானே. எந்த முடக்கில் திரும்பவேணும் என்றுகூட ஒருவரையும் கேட்கவில்லை.

கதவைத் தட்டினதும் உடனே திறந்தது. தட்டுகிற சத்தத்துக்காகவே ஆள் கதவுக்குப் பின்னால் நின்றது போல. காகில் கிழவர் உயரம், கழுத்துவரை கம்பளிச்சட்டை. மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கறுத்த ஆள் வாறார் எண்டு எழுதினவன். இவ்வளவு கறுப்பு எண்டு எழுதேல்லை," என்றார். பிறகு உள்ளே திரும்பி, "வந்திட்டார்!" என்று சத்தம் போட்டார்.

அவருக்குப் பின்னால் அடுப்பு எரிந்தது. அதற்குப் பக்கத்தில் கதிரையில் ஒரு கிழவி, மடியில் போர்வையோடு, மெலிந்து, நல்ல உடுப்பு உடுத்து இருந்தாள். மேசையில் கேக்கும் சின்னக் கிளாசுகளும். "காலமையிலை இருந்து ஒருத்தரையும் உள்ளே விடேல்லை. உங்களுக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறம்," என்றாள். "வாங்கோ, வாங்கோ."

இரத்தினசிங்கம் படிக்கு வெளியே நின்றபடி கரியை இரண்டு கையாலும் நீட்டினார். "அலெக் தந்தவன். நான் இதிலை நிண்டு தாறன்."

"உள்ளே வா மனுசா, குளிருது."

"இல்லை. இதிலை சரி."

கிழவர் கையை நீட்டவில்லை. "வெளியிலை வாங்கினால் அது கரி. உள்ளே கொண்டுவந்தால்தான் அது வேறை." குரலை இறக்கினார். "அவன் உன்னை உள்ளே போகாதே எண்டு சொன்னவனோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

ஏன் என்று சொல்ல அவரிடம் இங்கிலீசு இல்லை. அவருடைய இங்கிலீசு ஸ்பானருக்கும் சம்பளத்துக்கும் தூசணத்துக்கும் போதும். அதைவிட, வருசப்பிறப்பன்று காலமை, நல்ல உடுப்பு உடுத்திருக்கிற கிழவிக்கு முன்னால் சாவு என்ற சொல்லை வாய்க்குள்ளிருந்து எடுக்கிறதா? அவர் கரியை நீட்டினபடி நின்றார். மனதுக்குள் ஒரு பக்கம், காலைத் தூக்கி வையடா மடையா என்றது. மற்றப் பக்கம் தமையன் நின்றார்.

அந்த நேரம்தான் பக்கத்து வீட்டுக்காரி தட்டோடு வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். வாசலில் ஆள் நிற்பதைக் கண்டதும், வரவேண்டியவர் வந்து சடங்கு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கவேணும். "எல்லாருக்கும் நல்ல வருசம்!" என்று கத்திக்கொண்டு, கிழவருடைய கைக்குக் கீழால் புகுந்து உள்ளே போய், துணியை அவிழ்த்தாள். செக்கச்சிவந்த செம்பட்டை.

கிழவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே போர்வையால் முகத்தைத் துடைத்தாள். "அது பரவாயில்லை," என்றாள். "பரவாயில்லை." கிழவர் கதவை அடித்துச் சாத்தவில்லை. மெல்லச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் இரத்தினசிங்கத்துக்கும் கோபிக்க ஒரு சாட்டு இருந்திருக்கும். அவர் கரியை யன்னல்கட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே போனார்.

அன்று முழுக்க அறையில் கிடந்தார். கடையும் இல்லை, ரயிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் துறைமுகத்துக்கு இறங்கினார். கிழவர் அங்கே அலை தடுக்கிற கல்லணையில் பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரத்தினசிங்கம் நேரே போனார். வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்த இங்கிலீசைக் கொட்டினார்.

"என்ரை சித்தப்பா செத்துப்போனார். போன கிழமை. எங்கட வழக்கம், செத்தவீட்டுக்காரன் மற்றவன்ரை வீட்டுக்குள்ளை போறதில்லை. அந்த வீட்டுக்குக் கூடாது. அதுதான். வேறை ஒண்டும் இல்லை."

கிழவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"டேவியைத் தண்ணிக்குள்ளாலை எடுத்துக்கொண்டு வந்து அந்த அறையிலைதான் கிடத்தினம். நீ நேற்றுப் பார்த்தியே, அந்த மேசையிலை," என்றார். "அந்த வீட்டுக்கு உன்ரை சித்தப்பா புதுசாய் என்ன செய்யப்போறார்? சொல்லியிருக்கலாமே மனுசா. ஒரு சொல்லு."

இரத்தினசிங்கம் ஒரு அடி கிட்டப் போனார்.

"இப்ப வரட்டோ?" என்று கேட்டார்.

"முதல் ஆள் ஒருக்கால்தான்." கிழவர் கோபமில்லாமல் சொன்னார். "என்ரை மனுசி கொஞ்சம் வருத்தமாய் இருக்கிறாள். டொக்டர் ஒண்டும் நல்லாய்ச் சொல்லேல்லை. அலெக்கிட்டைச் சொல்லு, கரி யன்னல்கட்டிலை இருக்குது. நான் தொடமாட்டன். அவனே வந்து உள்ளே கொண்டுபோகட்டும். அடுத்த வருசம் மட்டும் பார்க்கத் தேவையில்லை. இப்பவே வரட்டும். கதவு பூட்டேல்லை எண்டு சொல்லு."

மகனோடு இருபது வருசம் வாயைத் திறக்காத மனுசன் அது. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடதாசியில் சுற்றின ஒரு சோடிப் புகைமீனை இரத்தினசிங்கத்தின் கையில் வைத்தார். துடக்கில் மீன் தொடக்கூடாது. ஆனால் இரண்டாம்தரமும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. திங்கட்கிழமை ரயிலில் அதை உரித்துத் தின்றார். அலெக் சொன்னது பொய்யில்லை, நல்ல மீன். துடக்கு அந்த ரயிலிலேயே முறிந்துவிட்டது. இரண்டு நாள் முந்தி முறிந்திருக்கலாம்.

"உள்ளை போகேல்லைத்தானே?" என்று கேட்டார் கணேசலிங்கம்.

"போகேல்லை அண்ணை."

"நல்ல காரியம் செய்தாய்."

மெல்பேணுக்கு வந்து வேலைக்குப் போன முதல்நாள், ஸ்மோக்கோ மணி அடிக்கவும் முழுப் பட்டறையும் அவரைச் சுற்றிவிட்டது. அலெக் எல்லாருக்கும் கதையைச் சொல்லி வைத்திருந்தான். இத்தாலிக்காரன், கிரேக்கன், வெள்ளைக்காரன் எல்லாரும் இளித்துக்கொண்டு நின்றார்கள். "என்ன சிங்கோ, கிழவன் உன்னைக் கண்டு மயங்கி விழுந்தவனோ?" அலெக் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"உள்ளே போனியோ?"

சொல்ல வேண்டியதெல்லாம் இரத்தினசிங்கத்தின் வாயில் ஒழுங்காகத்தான் இருந்தது. விமானத்தில் அடுக்கிக்கொண்டு வந்தவர். ஆனால் முதல் சொல் 'போகேல்லை' என்று இருக்கவேணும். அத்தனை பேருக்கு முன்னால், சொன்னால் செய்கிற சிங்கம், போகேல்லை என்று சொல்லவேணும்.

"ஓம். போனன்," என்றார்.

"கரி?"

"அடுப்பிலை போட்டன். நல்லாய் எரிஞ்சுது."

"அம்மா?"

"சுகம். தேத்தண்ணி தந்தவ."

அலெக் எழும்பி அவரைக் கட்டிப் பிடித்தான். வெல்டிங் புகையும் வேர்வையும் கலந்த மணம். பட்டறை கைதட்டியது. யன்னல்கட்டும் டொக்டரும் பூட்டாத கதவும் இரத்தினசிங்கத்தோடேயே நின்றுவிட்டன. முதல் பொய்யைச் சொன்ன வாய், மிச்ச உண்மையை எந்த முகத்தோடு சொல்லும்? தனியாக ஆள் அகப்படும்போது சொல்லுவம் என்று நினைத்தார். தனியாகவும் அகப்பட்டான். எத்தனையோ தரம். அப்போதெல்லாம் அவன் சந்தோசமாக இருந்தான்.

என்ன பதில் வந்தாலும் அந்த மாதமே ஊருக்கு வெளிக்கிடுகிறதாகத்தான் அலெக் முதலில் இருந்தான். இப்போது அவனுக்கு அவசரம் இல்லை. "கரி எரிஞ்சிட்டுது. பிறகென்ன? பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஆறுதலாய் அடுத்த வருசம் போறன்," என்றான். யோகா வீட்டில், "சொல்லிப்போடுங்கோ," என்று இரண்டு மூன்று தரம் சொன்னாள். "வாயைப் பொத்து," என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அந்தக் கத்தல் அவளுக்கு இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

யூலையில், மெல்பேணில் குளிர் நடுக்கிற நேரம், ஊரில் அலெக்கின் தாய் செத்துப்போனாள். தொலைபேசி வந்த அன்றே அவன் பறந்தான். இரத்தினசிங்கம் அன்றிரவு சாப்பிடவில்லை. அவன் அங்கே போய் என்ன பார்ப்பான் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு கிழமை கழித்து அலெக் வேலைக்கு வந்தான். மணி அடித்தது. வேறு மேசைக்குப் போவான் என்று இரத்தினசிங்கம் எதிர்பார்த்தார். அடிப்பான் என்றுகூட எதிர்பார்த்தார். அடித்தால் நல்லது என்று இருந்தது. அவன் வழக்கம்போல வந்து பக்கத்தில் குந்தினான். தேத்தண்ணியை ஊற்றினான்.

"மழையிலை பாதி கரைஞ்சுபோய்க் கிடந்தது," என்றான். "நான் உள்ளே கொண்டுபோனன். ஈரக்கரி. பத்தக் கனநேரம் எடுத்தது."

இரத்தினசிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா ஒவ்வொரு நாளும் திரையை விலக்கிப் பார்த்தவவாம், கரி இருக்குதோ எண்டு. இருந்தால் நான் இன்னும் வரேல்லை எண்டு அர்த்தம்."

"அலெக், நான்..."

"அப்பர் எல்லாம் சொன்னவர். உன்ரை சித்தப்பாவையும் சொன்னவர். நீ படியிலை நிண்டது எனக்கு விளங்குது, சிங்கோ. அது விளங்குது." தேத்தண்ணியைக் குடித்தான். "மற்றதுதான் விளங்கேல்லை."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோபமும் காட்டவில்லை. பக்கத்திலேயே இருந்தான், பிஸ்கட்டைப் பங்கு போட்டான், வெள்ளிக்கிழமைகளில் பகிடியும் விட்டான். இரத்தினசிங்கத்தின் வீட்டுக்கும் வந்து யோகாவின் கறியைத் தின்று கண்ணீர் விட்டான். ஆனால் ஊர்க் கதையை மட்டும் நிறுத்திவிட்டான். மடம் இல்லை, ஓட்டை இல்லை, துறைமுகம் இல்லை. ஒருநாள் இரத்தினசிங்கம் தானாகவே வாயைக் கொடுத்தார்: "அந்தப் புகைமீன் என்ன மரத்திலை புகைபோடுறவங்கள், அலெக்?" அவன் யோசித்துப் பார்த்து, "மறந்துபோச்சு," என்றான்.

அடுத்த வருசம் கிளேட்டன் பட்டறைக்குப் புதிதாக ஒரு ஆள் வந்தான். அவனும் ஸ்கொட்லாந்துப் பக்கம். அலெக்கின் பேச்சை இரண்டு சொல் கேட்டதுமே முகம் மலர்ந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எதிரே குந்தினான்.

"நீங்கள் எந்த ஊர்?"

இரத்தினசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். சொல்லடா, ஒருக்கால் சொல்லடா என்று மனதுக்குள் கெஞ்சினார்.

"கிளேட்டன்," என்றான் அலெக்.